வசூல் நோட்டு

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு என்று இருக்கும் சாமான்களைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். ஒரு கேரம் போர்டு, இரண்டு கிரிக்கெட் மட்டை, ஒரு மரம் அறுக்கும் மிஷின், நூறடி கயிறு, நாலு தார்ப்பாய், அப்புறம் ஒரு நீள நோட்டு. மற்றதெல்லாம் தொலைந்தால் காசு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அந்த நோட்டு தொலைந்தால் திரும்ப எழுத ஒரு வருஷமாவது ஆகும். இந்தப் பதிவை அந்த நோட்டுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஊர் எங்கே என்று தெரியாமல் படித்தால் பாதி புரியாது. கொடைக்கானல் என்றதும் எல்லோருக்கும் ஏரியும் குளிரும் நினைவுக்கு வரும். நாங்கள் அதற்குக் கீழே, பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடிக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறோம். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். காப்பிக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள். வீடுகள் ஒரே தெருவாக இருக்காது. ரோட்டோரம் இருபது வீடு, பள்ளத்தில் ஆறு, தோட்டத்துக்குள் ஒற்றை வீடு என்று சிதறிக் கிடக்கும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ இறங்க வேண்டும். பஸ் ஒன்று தவறினால் அடுத்ததற்கு நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் படித்ததும் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுகிறார்கள். அதனால் இங்கே வீட்டுக்கு வீடு வயதானவர்கள்தான்.

மன்றம் ஆரம்பித்தது சேவைக்காக இல்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்தத்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம், ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். உறியடி, வழுக்கு மரம், கோலப் போட்டி, மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளி. அதற்குக் காசு வேண்டுமே. மார்கழி கடைசியில் வீடு வீடாக வசூலுக்குப் போனோம். போன வீட்டுப் பெயர், கொடுத்த தொகை, கையெழுத்து. அதற்காக வாங்கியதுதான் முதல் நோட்டு.

எங்களில் ஒருவருக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. தையல் கடை வைத்திருந்ததால் அவரை டெய்லர் அண்ணன் என்போம். துணிக்கு அளவு எழுதி எழுதி வந்த பழக்கமாக இருக்கலாம். "பாட்டி தனியாக, காது கேட்காது, கதவை பலமாகத் தட்டவும்." "மகன் திருப்பூர், வெள்ளிக்கிழமை வருவான்." "நாய் கடிக்கும்." அடுத்த வருஷம் வசூலுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதினார். வருஷா வருஷம் புது நோட்டுக்கு மாற்றி எழுதும்போது பழைய குறிப்புகளையும் சேர்த்தே எழுதினார்கள். பதினைந்து வருஷம் கழித்து அந்த நோட்டைத் திறந்து பார்த்தால், ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்திலும் இல்லாத விவரம் அதில் இருந்தது.

அதை நாங்கள் உணர்ந்தது 2018 நவம்பர் 16-ஆம் தேதி.

கஜா புயல் அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. டெல்டாவில் தென்னை சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே காற்று மேற்கே வந்து மலையில் மோதியது வெளியில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. சில்வர் ஓக் உயரமான மரம். ஒன்று சாய்ந்தால் கீழே இருக்கும் காப்பிச் செடியையும், தன்மேல் ஏறியிருக்கும் மிளகுக் கொடியையும் சேர்த்துக்கொண்டுதான் விழும். முறிகிற ஒவ்வொரு மரமும் வேட்டு மாதிரி சத்தம் போட்டது. நான் எண்ண ஆரம்பித்து, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். என் அம்மா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை.

காற்று ஓய்ந்து வெளியே வந்தால் ரோட்டைக் காணோம். கரண்ட் இல்லை. மதியத்துக்குள் போன் டவரும் செத்துப்போனது. மழை தூறிக்கொண்டே இருந்தது. யாரும் யாரையும் கூப்பிட முடியாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் ரேஷன் கடைத் திண்ணைக்கு இருபது பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் சொல்லி வரவில்லை. பொங்கல் வேலைக்கு எங்கே கூடுவோமோ, அங்கேயே கால் போனது.

டெய்லர் அண்ணன் நோட்டை பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கங்களை நாலாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்வி: எல்லோரும் இருக்கிறீர்களா, கூரை இருக்கிறதா, சாப்பிடும் மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது. மூன்றாவது கேள்வியைச் சேர்த்தது ஊர் செவிலியர் அக்கா. அதுதான் பெரிய விஷயம் என்று பிறகு புரிந்தது. இன்சுலின் போடுகிறவர்கள் ஏழு பேர். ஃப்ரிட்ஜ் ஓடவில்லையே என்று அவர்கள் பயந்துபோயிருந்தார்கள். பிரித்துப் பயன்படுத்தும் மருந்து சாதாரணமாக நாலு வாரம் வரைக்கும் வெளியில் தாங்கும், அதுவும் இந்தக் குளிரில் ஒன்றும் ஆகாது, புதுப் பாட்டிலை மட்டும் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வையுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினார். கெட்டுப்போவது கவலை இல்லை, தீர்ந்துபோவதுதான் கவலை. இரண்டு பேருக்கு இரண்டு நாள் மருந்துதான் இருந்தது. இரண்டு பையன்கள் சாய்ந்த மரங்களுக்கு அடியிலும் மேலுமாக நடந்து இறங்கி, மறுநாள் மருந்தோடு ஏறி வந்தார்கள்.

மற்றவர்கள் ரோட்டைத் திறக்கப் போனார்கள். மரம் அறுப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பலம் சம்பந்தப்பட்ட வேலையாகத் தெரியும். அப்படி இல்லை. வளைந்து சிக்கிக்கொண்டிருக்கும் மரம் நாண் ஏற்றிய வில் மாதிரி. இழுபட்டிருக்கும் பக்கத்தில் முதலில் வெட்டினால் படாரென்று பிளந்து ஆளை அடித்துவிடும். அமுங்கியிருக்கும் பக்கத்தில் கொஞ்சம் வெட்டி, பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். கம்பியில் சாய்ந்த மரத்தை லைன்மேன் வந்து பார்த்து சொல்லும்வரை தொடவே கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது மரக்கடைக்காரர் ஒருவர். மிஷினையும் அவரே கொடுத்தார். பெட்ரோல் தீர்ந்ததும் அவரவர் பைக்கிலிருந்து ட்யூப் போட்டு இறக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கீழிருந்து வந்த அரசுத் துறை ஆட்களும் மேலிருந்து வெட்டிக்கொண்டு போன எங்கள் பையன்களும் ஒரு வளைவில் சந்தித்தார்கள். அந்த வளைவை இன்றைக்கும் கடக்கும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்குவேன்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினோரு நாள் ஆனது. ஆனால் ஊரில் ஒரு உயிர் போகவில்லை.

இதோடு நிறுத்தினால் இது பெருமைக் கதை. நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அதே மூன்றாம் நாள் சாயங்காலம், பள்ளத்திலிருந்து ஒரு பெரியவர் ஏறி வந்தார். ஊருக்குக் கீழே, நடந்தால் முக்கால் மணி நேரத்தில், பளியர் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. பதினாலு வீடு. எங்கள் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்பது அவர்கள்தான். தேனும் நெல்லிக்காயும் கடுக்காயும் கொண்டுவருவதும் அவர்கள்தான். அவர் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு, பெரிய தார்ப்பாய் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கூரைத் தகரம் பறந்துவிட்டதாம். பிள்ளை குட்டிகளோடு எல்லோரும் பாறைக் குகை ஒன்றில் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறார்கள்.

"ஏங்க முன்னாடியே வரல?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நீங்க வருவீங்கன்னு பாத்தோம் தம்பி" என்றார். குரலில் குறையே இல்லை.

டெய்லர் அண்ணன் நோட்டைப் புரட்டினார். எதற்குப் புரட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினாலு வீடும் அதில் இல்லை. பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட அங்கே வசூலுக்குப் போனதில்லை. அவர்களிடம் போய்க் காசு கேட்பதா என்ற இரக்கம்தான் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். வசூல் வாங்காததால் விளையாட்டுக்கும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் பெயர் இல்லை. பெயர் இல்லாததால், நாலு குழுவாகப் பிரிந்து ஊரையே சல்லடை போட்ட நாளில் அவர்கள் யார் ஞாபகத்திலும் இல்லை. எங்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. நல்ல மனசு மட்டும் போதும் என்றால் அந்தப் பிள்ளைகள் இரண்டு ராத்திரி நனைந்திருக்க மாட்டார்கள்.

அன்று ராத்திரியே பதினைந்து பேர் டார்ச் அடித்துக்கொண்டு தார்ப்பாயும் அரிசியுமாக இறங்கினோம். இளைஞர் மன்றத்தில் இருக்கிற வயதைத் தாண்டியிருந்தாலும் நானும் போனேன். மறுவாரம் அண்ணன் புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்தப் பதினாலு வீட்டையும் எழுதிவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து ஊரை எழுத ஆரம்பித்தார்.

இளைஞர் மன்றங்களால் ஊருக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் மரக்கன்று நட்டது, ரோடு கூட்டியது, முகாம் நடத்தியது என்று பட்டியல் போடுவார்கள். அவையும் நல்ல வேலைதான். ஆனால் என் அனுபவத்தில் பெரிய நன்மை, யார் எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன தேவை என்று தெரிந்த ஒரு கூட்டம் ஊரில் எப்போதும் இருப்பது. அவசரத்துக்கு வெளியிலிருந்து எவ்வளவு பேர் உதவ வந்தாலும், பாட்டிக்குக் காது கேட்காது, கதவை பலமாகத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதே நேரம், அந்தத் தெரிதல் எது வரைக்கும் எட்டுகிறதோ அது வரைக்கும்தான் சேவையும் எட்டும்.

புது நோட்டில் பத்திகள் கூடின. ரத்தப் பிரிவு, வாடிக்கையாகச் சாப்பிடும் மருந்து, வீட்டில் நடக்க முடியாதவர் உண்டா, யாரிடம் ஜீப், யாரிடம் ஏணி. மலையில் ரத்தப் பிரிவுப் பத்தி எவ்வளவு முக்கியம் என்று சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். 18 வயதிலிருந்து 65 வரை, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை. யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்ற தேதி நோட்டில் இருந்தால், ராத்திரி பதினொரு மணிக்கு யாரை எழுப்பி ஜீப்பில் ஏற்றுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. எல்லோரையும் ஒரே முகாமில் கொடுக்க வைத்துவிட்டால் அடுத்த மூன்று மாதத்துக்கு ஊரில் கொடுக்க ஆள் இருக்காது. அதனால் எங்கள் பையன்கள் மூன்று பிரிவாக மாறி மாறிக் கொடுக்கிறார்கள்.

குடியிருப்புக்குப் போய்வர ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, அங்கே முதல் தேவை தார்ப்பாயே இல்லை, காகிதம். ஒன்பது பிள்ளைகளுக்கு சாதிச் சான்றிதழ் கிடையாது. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விண்ணப்பத்தோடு அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இருந்த சான்றையும் கேட்பார்கள். தாத்தா காலத்தில் காகிதமே இல்லாத குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய மதில் என்று நினைத்துப் பாருங்கள். காப்பிப் பழம் பறிக்கும் நாளில் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை கொடைக்கானலுக்குப் போவார்கள்? மன்றத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அதையே தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். படிவம் நிரப்புவது, நகல் எடுப்பது, கூடவே போய் வரிசையில் நிற்பது. ஒன்றரை வருஷத்தில் ஒன்பது பேருக்கும் கிடைத்துவிட்டது. இந்த வேலையை யாரும் போட்டோ எடுக்கவில்லை, எடுக்கவும் ஒன்றும் இல்லை. ஒரு பையன் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் எங்கள் மன்றம் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான்.

தீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மலைக்கு அது வருஷம் தவறாத பயம். தை முடிந்தால் புல் காயும். பங்குனி, சித்திரையில் ஒரு பொறி போதும். பட்டா நிலத்தில் சருகைக் கொளுத்துவது, ரோட்டோரம் சமைத்துவிட்டு நெருப்பை அணைக்காமல் போவது, பீடித் துண்டு, இப்படித்தான் ஆரம்பிக்கும். சோலைக்காடு ஈரமாக இருப்பதால் லேசில் பற்றாது. காய்ந்த புல்லும் தைலமரச் சருகும்தான் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் புகை தெரிந்ததும் பையன்கள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெற்றவர்கள் பிள்ளைகளை விடவில்லை, விடாததும் நியாயம். சரிவில் தீ மேல் நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. இப்போது மன்றத்தின் வேலை தீ வருவதற்கு முன்னால்தான். தை மாதக் கடைசியில் வனக்காவலரோடு போய் ஊர் எல்லையில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், சருகு கொளுத்துவதாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் நாலு பேர் தண்ணீரோடு நிற்கிறோம், பனி இறங்கும் நேரத்தில் கொளுத்தலாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தீ பிடித்துவிட்டால் வனத்துறை கூப்பிடாமல் ஒருவரும் ஏறக்கூடாது. போகிறவர்கள் பருத்திச் சட்டைதான் போட வேண்டும், தீக்கு மேற்பக்கம் நிற்கவே கூடாது. இந்த மூன்றிலும் விட்டுக்கொடுப்பதே இல்லை.

குப்பை பொறுக்குவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. சீசனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து மூட்டை சேர்ப்பார்கள். அந்த மூட்டை அப்புறம் எங்கே போகிறது என்று பார்க்காவிட்டால் ஒரு பள்ளத்துக் குப்பை இன்னொரு பள்ளத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது பையன்களுக்கு வருத்தம். ஆனால் அடுத்த வாரமே மூட்டையைப் பிரித்து எண்ணினார்கள். தண்ணீர் பாட்டிலையும் காப்பி கப்பையும் விட முறுக்கு, சிப்ஸ் கவர்தான் அதிகம். இப்போது பாட்டில்களைப் பழைய சாமான் கடைக்குப் போடுகிறார்கள், கவர்களை ஊராட்சி வண்டி வரும் நாள் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு கேள்வி அடிக்கடி வரும். இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைதானே, பிள்ளைகள் ஏன் சும்மா உழைக்க வேண்டும்? எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ரோடும் மருந்தும் சான்றிதழும் உரிமை, யாரும் போடும் தானம் இல்லை. ஆனால் எங்கள் மன்றத்தில் நான் கண்டது, வேலை செய்கிறவர்கள்தான் சத்தமாகக் கேட்கவும் செய்கிறார்கள். வீடு வீடாகப் போனவன் கிராமசபையில் எழுந்து பேசும்போது பொத்தாம்பொதுவாகப் பேசமாட்டான். இத்தனை வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை, இன்ன ஓடைக்குப் பாலம் இல்லை, போன மழைக்கு இத்தனை நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று நோட்டைப் பார்த்து வாசிப்பான். மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்ததும் அதற்காகத்தான். 1975-ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் பதிவு செய்யலாம். மனுவில் முத்திரை இருந்தால் பதில் கேட்க வசதி.

பெண்பிள்ளைகள் வந்த கதை தனியாகவே எழுத வேண்டும். பல வருஷம் கோலப் போட்டியோடு அவர்கள் பங்கு முடிந்துவிட்டது. 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தது முழுக்கப் பெண்கள். கொரோனாவில் இரண்டு வருஷம் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறிய பிள்ளைகள் எழுத்தே மறந்துபோயிருந்தார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எந்தப் பதினாறு வயசுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியவந்தது. ஆண்கள் மட்டும் வசூலுக்குப் போன காலத்தில் வாசலோடு திரும்பிவிடுவோம். அவர்கள் அடுப்படி வரைக்கும் போனார்கள். அதன் பிறகு அவர்கள் இல்லாமல் நோட்டை எழுத முடியாது என்று ஆகிவிட்டது.

டெய்லர் அண்ணனுக்குக் கண் சரியில்லை. இப்போது நோட்டு என் அக்கா மகளிடம் இருக்கிறது. காலேஜில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் முடித்தவள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"மாமா, எஸ்டேட்டுல தகரக் கொட்டாய்ல எத்தன பேரு இருக்காங்க தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் காப்பி வேலைக்கு வந்தவர்கள். மூன்று வருஷமாக வந்துபோகிறார்கள். என் கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள். தினமும் பார்க்கிறேன், ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பெண்களும் மூன்று பையன்களும் போனார்கள், கூட நானும் போனேன். முதலில் பயந்துபோய் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்கள். அக்கா மகள் அதை வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள். ஒரு பெண் கைக்குழந்தையைக் காட்டி ஏதோ சொன்னாள். தடுப்பூசி இரண்டு தவணை விட்டுப்போயிருக்கிறது. பெயர்களைத் தமிழில் எழுதி, எழுதியதை அக்கா மகள் உரக்க வாசித்தாள். தப்பாக வாசித்த இடத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். அவளும் அடித்துத் திருத்தினாள்.

மூன்று கொட்டகை, பதினாறு பேர், ஒரு கைக்குழந்தை. ரத்தப் பிரிவு தெரிந்தவர்கள் இரண்டு பேர். புதன்கிழமை செவிலியர் அக்கா வருகிறார்.